நாடோடிக் குலங்களின் முடிச்சுக் கம்பளங்கள்

ஒரு பண்டத்தின் மதிப்பு எவ்விடத்தில் உண்டாகிறது? தறியிலா, சாயத் தொட்டியிலா, அன்றிக் கடைவீதியிலா? நெசவாளர் சங்கங்களோடு தொடர்புடைய நம் அனைவர் முன்னும் என்றும் நிற்கும் கேள்வி இது. இதற்கு விடை காண விரும்புவோர், மத்திய ஆசியாவிலும் ஈரானிலும் துருக்கியிலும் ஆடு மேய்த்து வாழ்ந்த குலங்களின் பழைய முடிச்சுக் கம்பளங்களைப் பற்றி ஒருமுறை அறிந்துகொள்ளுதல் நலம். அக்கம்பளங்கள் இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைகளுள் வைத்துப் போற்றப்படுகின்றன. ஏலத்தில் பெருந்தொகைக்கு விலை போகின்றன. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றை நெய்த பெண்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. கைவேலை அவர்களுடையது, பெயரும் லாபமும் பிறருடையவை. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது, அதனை மாற்ற ஒரு கூட்டுறவு முயற்சி என்ன செய்தது என்பவற்றையே இங்குக் கூற முற்படுகிறோம்.

முடிச்சு நெசவின் முறை

நம் பவானி ஜமக்காளத்தில் ஊடை நூல் பாவு நூலை மூடிச் செல்கிறது. நிறமும் பட்டையும் ஊடையினாலேயே தோன்றுகின்றன. முடிச்சுக் கம்பளத்தின் முறை வேறு. அங்கே பாவும் ஊடையும் உடலாக மட்டும் நிற்கும். சாயமேற்றிய கம்பளி இழையைச் சிறு துண்டாக எடுத்து, அடுத்தடுத்த இரண்டு பாவு நூல்களில் முடிந்து, முனையைக் கத்தியால் அறுத்துவிடுவர். ஒரு வரிசை முழுவதும் இவ்வாறு முடிந்தபின், ஊடை நூலை ஒருமுறையோ இருமுறையோ குறுக்கே செலுத்தி, கனத்த சீப்பினால் அடித்து இறுக்குவர். பிறகு அடுத்த வரிசை தொடங்கும். அறுபட்ட முனைகள் நிமிர்ந்து நின்று பஞ்சுபோன்ற மேற்பரப்பாகின்றன. கோலம் முழுவதும் இம்முனைகளின் நிறத்தாலேயே அமைகிறது.

முடிச்சு இரு வகைப்படும். இழை இரண்டு பாவு நூல்களையும் சமமாகச் சுற்றி, இரு முனைகளும் அவற்றின் நடுவே வெளிவருவது ஒருவகை. இதனைத் துருக்கி முடிச்சு என்பர். ஒரு பாவு நூலை மட்டும் முழுதும் சுற்றி, மற்றொன்றின் பின்னே வளைந்து வருவது இன்னொரு வகை. இது பாரசீக முடிச்சு எனப்படும். இப்பெயர்களை நம்பி இனத்தைத் தீர்மானித்தல் கூடாது. துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த துர்க்மெனிய மக்களுள், தெக்கே குலத்தார் இட்டது பெரும்பாலும் பாரசீக முடிச்சே. யோமுத் குலத்தாரிடம் துருக்கி முடிச்சு மிகுதி. ஆதலின் ஒரு கம்பளத்தை ஆராய்வோர் முதலில் அதனைப் புரட்டிப் போட்டுப் பின்புறத்தையே பார்க்கின்றனர். முகப்பு ஏமாற்றலாம், முடிச்சு ஏமாற்றுவதில்லை.

இத்தொழிலின் பழமை வியப்பூட்டுவது. 1949ஆம் ஆண்டில் ருஷிய அறிஞர் செர்கேய் ருதென்கோ, சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்னுமிடத்தில், பனியில் உறைந்து கிடந்த ஒரு பழங்கல்லறையிலிருந்து ஒரு கம்பளத்தை எடுத்தார். அது கி. மு. ஐந்து அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கின்றனர். அதன் அளவு ஏறத்தாழ 1.83 மீட்டருக்கு 2 மீட்டர்; 10 செ.மீ. சதுரத்தில் சுமார் 3,600 முடிச்சுகள். கம்பளம் முழுவதிலும் 12 லட்சம் முடிச்சுகளுக்குக் குறையாது. ஒருவர் நாளொன்றுக்கு 8,000 முடிச்சு இடுவதாகக் கணக்கிட்டால், ஐந்து மாத வேலை. இன்று அது லெனின்கிராடு என்று முன்னர் வழங்கிய செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மேய்ச்சல் நிலத்துத் தறி

நகரத்துக் கம்பளச் சாலைகளில் தறி நிமிர்ந்து நிற்கும். பாவு பெரும்பாலும் பருத்தி நூலாக இருக்கும். ஓவியன் கட்டத்தாளில் எழுதித் தந்த மாதிரி நெய்பவர் கண்முன் தொங்கும். நாடோடிக் குலத்தாரின் தறி அத்தகையதன்று. நிலத்தில் நான்கு முளைகளை அடித்து, இரண்டு மரங்களை அவற்றில் கட்டி, இடையே பாவை நீட்டினால் தறி ஆயிற்று. பாவும் தங்கள் ஆட்டின் கம்பளியே. மந்தை வேறு மேய்ச்சல் நிலத்துக்குப் பெயரும் நாளில் முளைகளைப் பிடுங்கி, அரைகுறைக் கம்பளத்தையும் மரத்தோடு சுருட்டி, ஒட்டகத்தின் மேல் ஏற்றிச் செல்வர். புதிய இடத்தில் மீண்டும் கட்டும்போது பாவின் இறுக்கம் சிறிது மாறும். பழைய கம்பளங்களின் ஓரம் சில இடங்களில் உள்வாங்கியும் சில இடங்களில் வெளிப்பரந்தும் இருப்பதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

இவர்கள் நெய்தவை தரைவிரிப்பு மட்டுமல்ல. கூடாரத்தில் மரப்பெட்டி ஏது? ஆடைகளை வைக்கப் பெரிய நெசவுப் பை. சிறு பொருள்களுக்குச் சிறிய பை. கழுதை, குதிரைகளின் முதுகில் இருபுறமும் தொங்கும் இரட்டைச் சேணப்பை. ஆடுகள் தலையை நுழைக்க முடியாதபடி கழுத்துக் குறுகிய உப்புப் பை. கூடாரத்தின் வாயிலில் கதவுக்குப் பதிலாகத் தொங்கும் 'என்சி' எனப்படும் கம்பளம். கூடாரத்தின் மரச்சட்டத்தைச் சுற்றி இறுக்கும் பத்து மீட்டருக்கும் நீண்ட பட்டை. மணமகளைச் சுமந்து செல்லும் ஒட்டகத்தின் விலாவை அலங்கரிக்கும் ஐங்கோணத் தொங்கல் ஆகிய அனைத்தும் நெசவாலேயே ஆயின. வீட்டுச் சாமான் முழுவதையும் தறியிலிருந்தே பெற்ற மக்கள் இவர்கள் எனலாம்.

கோணங்களின் கணக்கு

இக்கம்பளங்களில் எண்கோணமும் அறுகோணமும் சாய்சதுரமும் கொக்கி வடிவமும் நிறைந்திருக்கக் காண்கிறோம். நகரத்துக் கம்பளத்தின் வளைகொடியும் விரிமலரும் இங்குக் குறைவு. வளைவு நெய்யும் திறமை இல்லாமையே இதற்குக் காரணம் என்று கருதுவோர் உளர். அது தவறான எண்ணம். முடிச்சு நெசவில் ஒவ்வொரு முடிச்சும் கட்டத்தாளின் ஒரு கட்டம் போன்றது. 10 செ.மீ. அகலத்தில் 60 முடிச்சுகள் இருந்தால் படிப்படியான விளிம்பும் கண்ணுக்கு வளைவாகத் தோன்றும். 30 முடிச்சுகளே இருந்தால் அதே வளைவு படிக்கட்டாகத் தெரியும். நேர்கோடும் சாய்கோடும் அவ்வாறு கெடுவதில்லை. பருத்த இழைக்கும் உறுதியான உழைப்புக்கும் பொருந்திய வடிவங்களையே அவர்கள் தேர்ந்தனர்.

மேலும், அவர்கள் பார்த்து நெய்யத் தாள் மாதிரி இல்லை. நம் பெண்கள் வாசலில் புள்ளிகளை எண்ணிக் கோலமிடுவதுபோல, முடிச்சுகளை எண்ணியே நெய்தனர். தாய் நெய்வதை அருகிலிருந்து பார்த்துச் சிறுமியர் கற்றனர். எண்ணிக்கையால் நினைவில் நிற்பது கோணமே. நினைவிலிருந்து நெய்ததால் ஒரே வடிவம் ஒரே கம்பளத்தில் இருமுறை வரும்போதும் சிறு வேறுபாடு காணும். ஓரிடத்தில் நிறம் மாற்றியிருப்பர். ஓரிடத்தில் வெற்றிடத்தை ஒரு சிறு பறவையால் நிரப்பியிருப்பர்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிறு பானையில் சிறிது சிறிதாகச் சாயமேற்றியதால், ஒரே சிவப்பு நடுவில் சற்று வெளுத்தும் பின்னர் ஆழ்ந்தும் பட்டைபட்டையாக வரும். 'அப்ரஷ்' என்று இதற்குப் பெயர். நம் சங்கங்களின் தர நிர்ணயப்படி இது சாயக் குறையே. அத்தகைய உருப்படியை நாம் தள்ளிவைப்போம். பழைய கம்பளத்தை நாடுவோர் இதனையே கைவேலையின் அழகாகக் கொள்கின்றனர்.

குலத்தின் சின்னம்

துர்க்மெனியர் கம்பளங்களில் வரிசை வரிசையாக அமைந்திருக்கும் எண்கோண வடிவத்துக்குக் 'குல்' என்று பெயர். பாரசீக மொழியில் மலர் என்பது இதன் பொருள். தெக்கே குலத்தாரின் குல், நான்கு பாகமாக நிறம் பிரிந்து, கருநீலக் கோடுகளால் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். யோமுத் குலத்தாரிடம் கொக்கிகள் சூழ்ந்த சாய்சதுரம் மிகுதி. சலோர், சாரிக், எர்சாரி, சோதோர் முதலிய குலங்களுக்கும் தத்தமக்குரிய வடிவங்கள் உண்டு. குலம் இன்னதென்று கம்பளமே சொல்லிவிடும்.

சோவியத் அறிஞர் வலென்தினா மோஷ்கோவா 1946இல் ஒரு கருத்தை வெளியிட்டார். போரில் தோற்ற குலம் தன் பெருங்கம்பளங்களில் தன் சின்னத்தை இடும் உரிமையை இழந்தது; அச்சின்னம் சிறு பைகளில் ஒதுங்கியது அல்லது வென்றவரிடம் சென்றது; ஆகவே 'உயிருள்ள குல்', 'இறந்த குல்' என இரண்டு உண்டு என்பது அவர் கருத்து. பல வடிவங்கள் பல குலங்களுக்கும் பொதுவாக இருந்தமையால் பின்வந்த அறிஞர் அனைவரும் இதனை முழுதும் ஏற்கவில்லை. எனினும் சின்னம் ஒரு சமூகத்தின் உடைமை என்னும் உணர்வு அம்மக்களிடம் ஆழ்ந்திருந்தது. 1992இல் துர்க்மெனிஸ்தான் தன் தேசியக் கொடியை அமைத்தபோது, சிவந்த பட்டை ஒன்றில் ஐந்து குல் வடிவங்களையே பொறித்தது. 2019இல் துர்க்மெனியக் கம்பள நெசவு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் இடம் பெற்றது.

பெயர் கைமாறிய விதம்

இத்துணைத் தெளிவாகத் தம் முகவரியைத் தறியிலேயே எழுதிவைத்த மக்களின் பெயர், சந்தையில் எவ்வாறு மறைந்தது?

தெக்கே குலத்தார் வாழ்ந்தது மெர்வ், அக்கால் ஆகிய பகுதிகளில். அவர்கள் கம்பளம் கைமாறிய சந்தைகளுள் புகழ் பெற்றது பொகாரா நகரம். ஆதலின் வாங்கியோர் அதனைப் 'பொகாரா' என்றனர். 1881இல் ருஷியப் படை கியோக்-தெப்பே கோட்டையைப் பிடித்துத் தெக்கே குலத்தாரை அடக்கியது. 1888இல் இருப்புப்பாதை சமர்க்கந்து வரை நீண்டது. கம்பளங்கள் பெருமளவில் மேற்கு நோக்கிப் போயின. உடன் சென்றது வியாபாரி வைத்த பெயரே. இன்று பாகிஸ்தானில் நெய்து விற்கும் கம்பளங்களுக்கும் 'பொகாரா' என்றே பெயர். தெக்கே பெண்களின் வடிவம் அதில் இருக்கிறது. தெக்கே என்ற பெயர் இல்லை.

துருக்கியிலும் இதே கதை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அனடோலியக் கம்பளங்கள் ஐரோப்பியச் செல்வர் இல்லங்களை அடைந்தன. ஓவியர் ஹோல்பைன் 1533இல் தீட்டிய 'தூதுவர்கள்' என்னும் படத்தில் மேசை விரிப்பாக ஒரு கம்பளம் காணப்படுகிறது. அக்காலத்துக் கம்பள வகை ஒன்றுக்கு இன்று 'ஹோல்பைன் கம்பளம்' என்றே பெயர். இன்னொரு வகைக்கு 'லோட்டோ கம்பளம்'. லோட்டோவும் ஓவியரே. கம்பளத்தைப் படமாக எழுதியவர் பெயர் நின்றது. முடிச்சிட்டு முடித்தவர் பெயர் நிற்கவில்லை.

சோவியத் ஆட்சியில் துர்க்மெனியப் பெண்கள் உற்பத்திச் சங்கங்களில் சேர்க்கப்பட்டனர். அங்கே லெனின், ஸ்டாலின் முதலிய தலைவர்களின் உருவம் பொறித்த கம்பளங்களும் உருவாயின. சங்கம் என்ற பெயர் மட்டும் போதாது என்பதற்கு இதுவும் சான்று. எதை நெய்வது என்பதை மேலிருந்து வந்த திட்டம் தீர்மானித்தது.

சாயமும் வேளாண்மையும்

பெயரை அடுத்துச் சாயமும் கைவிட்டுப் போயிற்று. பழைய கம்பளத்தின் சிவப்பு, நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடியின் வேரிலிருந்து கிடைத்தது. நட்டு ஏறத்தாழ மூன்று ஆண்டு கழித்தே அவ்வேரைத் தோண்டுவர். கம்பளியைப் படிகாரத்தில் ஊறவைத்துப் பின் வேர்ச்சாயத்தில் இட்டால் சிவப்பு நிலைக்கும். நீலம் அவுரிச் சாயம். மஞ்சள் பலவகைப் பூஞ்செடிகளிலிருந்து வந்தது. நீலத்தின் மேல் மஞ்சளை ஏற்றினால் பச்சை. கருமைக்கு இரும்புச்சத்தைச் சேர்த்தனர். அது நாளடைவில் கம்பளியைத் தின்றுவிடும். ஆதலால் மிகப் பழைய கம்பளங்களில் கரிய கோடுகள் மட்டும் தேய்ந்து பள்ளமாகக் காணப்படும்.

1856இல் ஆங்கில இளைஞர் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளில் ஃபூக்சின் போன்ற ஒளிமிக்க சாயங்கள் கீழ்நாட்டுக் கடைகளை வந்தடைந்தன. 1868இல் ஜெர்மன் ரசாயன அறிஞர்களான கிரேபே, லீபர்மன் ஆகிய இருவரும் அவ்வேரின் சிவப்புப் பொருளையே செயற்கையாக ஆக்கினர். அதன்பின் பிரான்சிலும் துருக்கியிலும் அவ்வேரைப் பயிரிட்டு வாழ்ந்த உழவர்களின் சந்தை விரைவில் சரிந்தது. 1897இல் செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தபோது நம் நாட்டு அவுரிச் சாகுபடிக்கும் அதே கதி நேர்ந்தது. நெசவாளரும் பயிரிடுவோரும் ஒரே பாவின் இரு நூல்கள். ஒன்று அறுந்தால் மற்றதும் தளரும்.

தொடக்கக் காலச் செயற்கைச் சாயம் மலிவு, வேலையும் எளிது. ஆனால் பல சாயங்கள் வெயிலில் வெளுத்தன, நீரில் கசிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈரான் அரசு அவற்றைத் தடைசெய்யவும் முயன்றது. இன்றும் பழைய கம்பளத்தை ஆய்வோர் முனையை விலக்கி இழையின் அடியைப் பார்க்கின்றனர். அடியில் பளிச்சென்ற ஊதாவும் நுனியில் சாம்பல் நிறமும் இருந்தால், அது பெரும்பாலும் அக்காலச் செயற்கைச் சாயமே. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்ப்பர். எல்லாச் செயற்கைச் சாயமும் தீது என்று நாம் கூறவில்லை. பின்னர் வந்த சாயங்களுள் உறுதியானவை பல. ஆயின் துருக்கிக் கிராமங்கள் பலவற்றில் அந்த இடைக்காலத்தில் இயற்கைச் சாயத்தின் செய்முறை மறைந்தது. தாய் மகளுக்குச் சொல்லாமல் விட்ட செய்முறையைப் பேத்தி யாரிடம் கேட்பாள்?

துருக்கியில் ஒரு கூட்டுறவு முயற்சி

இந்நிலையில் இஸ்தான்புல்லில் ரசாயன ஆசிரியராக இருந்த ஹரால்டு போமர் என்னும் ஜெர்மானியர், பழைய கம்பளங்களின் இழைகளைச் சோதித்து, எந்தெந்தச் செடியின் சாயம் எது என்று கண்டறிந்தார். செய்முறை மறைந்த கிராமங்களைச் சுற்றியே அச்செடிகள் கேட்பாரற்று வளர்ந்திருந்தன! 1981இல் மர்மரா பல்கலைக்கழகத்தின் துணையோடு 'டோபாக்' என்னும் திட்டம் தொடங்கிற்று. பழைய டிராய் நகரம் இருந்த பகுதிக்கு அருகிலுள்ள அய்வாஜிக் வட்டாரத்திலும், அடுத்து மனிசா மாகாணத்தின் யுன்ட்தா மலைப்பகுதியிலும் கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. நாடோடிகளாக இருந்து நிலையாகக் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். யுன்ட்தா சங்கத்தில் நெய்யும் பெண்களே அங்கத்தினராயினர். ஆடவர் மட்டுமே கையெழுத்திட்டுப் பணம் பெற்றுவந்த நாட்டுப்புறத்தில் இது சிறு செய்தியன்று.

அச்சங்கங்களின் விதிகள் எளியவை. கம்பளி கையால் நூற்றதாக இருக்க வேண்டும். சாயம் இயற்கையானதாக இருக்க வேண்டும். வேரும் மலரும் தோலும் ஊரைச் சுற்றிக் கிடைக்க, அவுரி நீலத்தை மட்டும் வெளியிலிருந்து வாங்கினர். வடிவம் அவ்வட்டாரத்துக்குரியதாக இருக்க வேண்டும். எவ்வடிவம், எந்நிறம் என்பதை நெய்பவளே தேர்வாள். வாங்குவோர் வரைந்து கொடுத்த மாதிரியைப் பின்பற்றும் நிர்ப்பந்தம் இல்லை. முடிந்த கம்பளத்தைப் பல்கலைக்கழகம் பரிசோதித்து, தோலால் ஆன உத்தரவாதச் சீட்டைப் பொருத்தியது. அச்சீட்டை நம்பியே அயல்நாட்டார் வாங்கினர். பொகாரா என்னும் பெயர் எவருக்கும் கட்டுப்பட்டதன்று. இச்சீட்டோ விதிக்குக் கட்டுப்பட்டது.

காலப்போக்கில் இளம்பெண்கள் கல்வியையும் நகர வேலையையும் நாடியதால், அக்கிராமங்களில் நெய்வோர் தொகை குறைந்தது. இதனைத் தோல்வி என்று கூற நமக்கு மனம் வரவில்லை. தறியை விட்டுச் செல்லவும் வழியுள்ள பெண், தறியில் அமரும்போது கூலிக்கு அடிமையாக அமர்வதில்லை. ஆயினும் முயற்சியின் பயன் நின்றது. இயற்கைச் சாயமேற்றிய கம்பளிக்கு உலகில் மீண்டும் கிராக்கி உண்டு என்பது உறுதிப்பட்டது. பிற இடங்களிலும் அதனைப் பின்பற்றினர்.

நாம் கொள்ள வேண்டியது

நமக்கும் அடையாளங்கள் இல்லாமலில்லை. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு சட்டத்தில் இருப்பது ஒன்று. ஒவ்வோர் உருப்படியிலும் அது மெய்யாக இருப்பது வேறொன்று. மாற்று நூலும் கசியும் சாயமும் ஒரு வண்டிச் சரக்கில் புகுந்தால், நூறு தறிகளின் பெயர் ஒருங்கே கெடும். கெட்டபின் அதனை மீட்கச் சங்கத்தின் ஒதுக்கு நிதி முழுவதும் போதாது.

ஆகவே நம் அங்கத்தினர்களுக்கு ஒன்றை வேண்டிக்கொள்கிறோம். இருப்புப் பதிவேடும் பற்று வரவுக் கணக்கும் சரியாக இருந்தால் தணிக்கை முடியும். தொழில் நிலைக்க அது மட்டும் போதாது. சங்கத்தின் மூத்த சாயக்காரர் என்ன அளவில் படிகாரம் இடுகிறார், எத்தனை நாழிகை கொதிக்க வைக்கிறார், எவ்வூர் நீரில் எந்த நிறம் நன்றாகப் பிடிக்கிறது என்பவை அவர் கைப்பழக்கத்தில் மட்டுமே இருக்கின்றன. அவற்றை ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். நெய்தவர் பெயரை உருப்படியின் சீட்டில் குறித்தல் வேண்டும். குறை நேர்ந்தால் கேட்பதற்காக மட்டுமன்று, நன்றாக இருந்தால் அவரைத் தேடி வருவதற்காகவும். துருக்கிக் கிராமத்தார் தங்கள் பாட்டிமாரின் சாயத்தை அறிய ஒரு ரசாயன ஆசிரியரின் சோதனைக் குழாய்க்காகக் காத்திருக்க நேர்ந்தது. நம் ஊர்களில் அதனைச் சொல்லத்தக்க பெரியவர்கள் இன்னும் தறி மேட்டில் அமர்ந்திருக்கின்றனர். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இதனைச் சேர்த்தல் நலம்.